பனிவழி – 6: ஊருக்குச் சொந்தமான மலை

சென்ற வாரம் மேஜர் லெர்ச்சைத் தகாதா நகரத்துக் கனாயா குன்றில் விட்டுவந்தோம். ருஷ்யாவைத் தோற்கடித்த ஜப்பானியப் படையிடம் அப்படி என்ன வித்தை இருக்கிறது என்று பார்த்துவர ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் அனுப்பிய ஆள் அவர். பார்க்க வந்த இடத்தில் வாத்தியாராகிவிட்டார். 1911 ஜனவரி 12ஆம் தேதி, 58ஆம் காலாட்படைப் பிரிவின் ஆட்களுக்குக் காலில் பலகையும் கையில் ஒரே ஒரு நீண்ட கழியும் கொடுத்துச் சரிவில் இறக்கினார். 1902இல் ஹக்கோதா மலைக்குப் பயிற்சிக்குப் போன 210 வீரர்களில் 199 பேர் பனியில் மாண்டதை ஜப்பானிய ராணுவம் மறந்திருக்கவில்லை. அதனால் இந்தப் புது வித்தையை ஆர்வமாகவே கற்றுக்கொண்டது.

சிப்பாய்க்குச் சொல்லிக்கொடுத்த வித்தை எப்படிச் சம்பளக்காரரின் விடுமுறையாக மாறியது என்பது இந்த வாரக் கதை. அதற்குத் தகாதாவிலிருந்து மலை தாண்டித் தெற்கே, நாகானோ மாகாணத்தின் வடகோடிக்குப் போக வேண்டும். கெனாஷி மலையின் அடிவாரத்தில், தெருவெல்லாம் கந்தக வாடை வீசும் ஒரு வெந்நீரூற்றுக் கிராமம் இருக்கிறது. பெயர் நொசாவா ஒன்சென். இன்று அங்கே வசிப்பவர்கள் சுமார் 3,500 பேர். குளிர்காலத்தில் அதைப்போலப் பல மடங்கு ஆட்கள் வந்து போகிறார்கள்.

ஜப்பானில் பனிச்சறுக்குத் தலங்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனியோ, நிலக் கம்பெனியோ, பெருநகரத்து முதலீட்டாளரோ போட்ட பணத்தில் எழுந்தவை. நொசாவாவில் மலையும் ஊருடையது, வெந்நீரும் ஊருடையது, முதல் லிப்டைப் போட்டதும் ஊர்க்காரர்கள்தான். அது எப்படி நடந்தது, அதனால் என்ன விளைந்தது என்று பார்ப்போம்.

பனி மூடிய ஐந்து மாதம்

சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கிறது. அங்கே ஓடும் சுஷிமா வெப்ப நீரோட்டத்தின் மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரையேறியதும் மலை குறுக்கே நிற்பதால், சுமந்துவந்த ஈரம் முழுவதும் பனியாகக் கொட்டுகிறது. உலகத்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் இவ்வளவு பனி விழும் பகுதிகள் அரிது. நொசாவாவுக்குப் பக்கத்து ஊரான சகாயேயில் மொரிமியானோஹாரா என்று ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. 1945 பிப்ரவரி 12ஆம் தேதி அங்கே அளந்த பனி 7.85 மீட்டர். இரண்டு மாடி வீடு கூரையோடு முழுகிப்போகும் ஆழம் அது.

பலகை வருவதற்கு முன் இந்தப் பனி இங்குள்ளவர்களுக்கு வெறும் சுமை. கூரை இறங்கிவிடாமல் ஏறி ஏறித் தள்ள வேண்டும். வாசலிலிருந்து தெருவுக்குப் படி வெட்ட வேண்டும். வயல் வேலை கிடையாது. பனிநாட்டு ஆண்கள் குளிர்காலத்தில் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போவது வழக்கம். ஊரில் தங்கியவர்களுக்குக் கைத்தொழில்தான். காட்டுக் கொடியில் கூடையும், சக்கரம் வைத்த புறா பொம்மையும் பின்னினார்கள். இந்த வட்டாரத்தின் உச்சியாமா காகிதமும் குளிர்காலத் தொழில்தான். காகித மல்பெரிச் செடியின் பட்டையை உரித்துப் பனியின் மேல் விரித்துவைப்பார்கள். வெயிலும் பனியும் சேர்ந்து பட்டையை வெளுத்துக் கொடுக்கும். அதில் செய்த தாள்தான் ஜப்பானிய வீட்டின் நகரும் கதவுகளில் ஒட்டப்பட்டது.

வெந்நீர்க் குளியலுக்கு வெளியாட்கள் வராமலில்லை. ஆனால் அவர்கள் அறுவடை முடிந்த கையோடு அரிசியும் மிசோவும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துத் தின்று, மூட்டுவலி தீரக் குளித்துவிட்டுப் போகும் விவசாயிகள். பனி அடைத்துவிட்டால் வழி கிடையாது. சத்திரங்கள் காலியாகக் கிடக்கும்.

வெந்நீர் யாருடையது?

ஊற்றைக் கண்டுபிடித்தவர் யார் என்பதற்கு ஊரில் பல கதைகள். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தத் துறவி கியோகி என்பது ஒன்று. மலைவாசித் தவசி ஒருவர் என்பது இன்னொன்று. அம்பு பட்ட கரடி ஒன்று காயத்தை ஆற்றிக்கொள்ள வெந்நீரில் இறங்கியது, பின்தொடர்ந்த வேடன் கண்டான் என்பது மூன்றாவது. கரடியின் பெயரில் ஒரு குளியல் வீடே இருப்பதால் அந்தக் கதைக்குத்தான் செல்வாக்கு அதிகம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈயாமாவை ஆண்ட மட்சுதைரா பிரபு இங்கே ஒரு மாளிகை கட்டினார், மற்றவர்களும் வந்து குளிக்க அனுமதித்தார் என்பதிலிருந்து வரலாறு கொஞ்சம் திடமாகிறது.

ஊருக்குள் இன்று பதின்மூன்று பொதுக் குளியல் வீடுகள் இருக்கின்றன. நடுத்தெருவில், கோயில் முகப்புப்போல் கூரை வேய்ந்து நிற்கும் ஓயு என்பது தலைமை வீடு. பதின்மூன்றிலும் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி, அவ்வளவுதான். ஒவ்வொரு குளியல் வீட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு. அதற்கு யு-நகாமா என்று பெயர். விளக்குக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஆகும் செலவை அவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவுவது, ஒண்டுக்குடித்தன வீட்டு முறைவாசல் மாதிரி, வீட்டுக்கு வீடு சுற்றி வரும். இன்று யார் முறை என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆகவே யாரும் நழுவ முடியாது.

பெருந்தெருவுக்கு மேலே ஒகாமா என்ற இடம் இருக்கிறது. கல் கட்டிய ஐந்து தொட்டிகளில் கிட்டத்தட்ட 90 டிகிரி சூட்டில் நீர் கொதித்துக்கொண்டிருக்கும். முற்காலத்தில் சணலை இதில் ஊறவைத்து நார் உரித்தார்கள். இப்போது இது ஊரின் பொதுச் சமையலறை. காலையில் பெண்கள் கீரைக் கட்டோடும், வலைப்பையில் முட்டையோடும் வருவார்கள். கீரையை ஒரு தொட்டியில் முக்கி எடுத்து, முட்டையை இன்னொன்றில் தொங்கவிட்டு, வெந்து முடியும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இந்த ஊற்றுகள், மேலே இருக்கும் காடு, ஊர்த் திருவிழா மூன்றையும் பார்த்துக்கொள்வது நொசாவா-குமி என்னும் பழைய ஊர்க்குழு. அதன் தலைவருக்குச் சோதாய் என்று பட்டம். இது அரசாங்கம் ஏற்படுத்திய ஊராட்சி அல்ல. அதற்கு முன்பிருந்தே உள்ள ஊர்க்கட்டு. மெய்ஜி ஆட்சியில் நில அளவையும் வரிச் சீர்திருத்தமும் வந்தபோது ஜப்பான் முழுவதும் ஏராளமான ஊர்ப்பொதுக் காடுகள் அரசின் கைக்குப் போயின. எஞ்சியவற்றில் ஊராருக்குள்ள கூட்டு உரிமையை 1898இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் ஏற்றுக்கொண்டது. விறகுக்கும் புல்லுக்கும் கரிக்கும் காத்துவந்த அந்தக் காட்டுச் சரிவுதான் பின்னால் பணம் காய்க்கும் மரமாகப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

பள்ளத்திலிருந்து ஏறிவந்த பலகை

லெர்ச்சின் வித்தை தகாதாவில் நின்றுவிடவில்லை. ராணுவத்தோடு ஆசிரியர்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் பழகினார்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஈயாமா நகரில், மியோசென்ஜி கோயிலைச் சேர்ந்த பௌத்த குரு ஒருவர் அதைக் கற்றுவந்து 1912 வாக்கில் தன் ஊரில் பரப்பினார். நாகானோ மாகாணத்தில் சறுக்குப் பலகை இறங்கிய முதல் இடங்களில் ஈயாமாவும் ஒன்று. அங்கிருந்து நொசாவாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பள்ளிப் பையன்களின் தோளில் ஏறிப் பலகை ஊருக்குள் வந்து சேர அதிக நாளாகவில்லை.

லெர்ச் கற்றுத்தந்தது அவருடைய குரு மத்தியாஸ் ஸ்டார்ஸ்கியின் ஒற்றைக் கழி முறை. கழியைப் பின்னால் ஊன்றி, வேகத்தைக் கட்டுப்படுத்தி, செங்குத்தான சரிவில் பத்திரமாக இறங்குவதற்கு ஏற்றது. வேகத்துக்கும் விளையாட்டுக்கும் அது போதாது. சில ஆண்டுகளில் ஹொக்கைடோ மாணவர்களிடையே நார்வே நாட்டு இரட்டைக் கழி முறை பரவியது. ஒற்றைக் கழி மெல்ல மறைந்தது.

ரயில்தான் அடுத்த பெரிய மாற்றம். 1921இல் ஈயாமா வரை தண்டவாளம் வந்தது. அடுத்து அது சிக்குமா ஆற்றோரமாக வடக்கே நகர்ந்தது. ஆற்றைத் தாண்டினால் நொசாவா என்ற தூரத்துக்கு நிலையம் நெருங்கியது. 1923 டிசம்பரில் ஊர் இளைஞர்கள் நொசாவா ஒன்சென் ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள்.

கிளப் என்றதும் பணக்காரர்கள் பொழுதுபோக்கும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் இருந்தவர்கள் சத்திரக்காரர்களும் விவசாயிகளும். ஆரம்பம் முதலே அவர்களுக்கு இரண்டு கணக்கு இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் நன்றாகச் சறுக்கப் பழக வேண்டும். பனிக்காலத்தில் காலியாகக் கிடக்கும் சத்திரங்களுக்கு ஆள் வர வேண்டும். சரிவைச் செம்மைப்படுத்தினார்கள். போட்டிகள் நடத்தினார்கள். சுமையாக இருந்த பனியை வரும்படியாக மாற்றும் வேலையை ஊரே கையில் எடுத்துக்கொண்டது. சரிவு ஊர்ப்பொதுவாக இருந்ததால் யாரிடமும் வாடகை பேச வேண்டியிருக்கவில்லை.

ஆர்ல்பெர்க்கிலிருந்து ஒரு விருந்தாளி

1930 வசந்தத்தில் ஜப்பானுக்கு இன்னொரு ஆஸ்திரியர் வந்தார். ஹன்னஸ் ஷ்னைடர். சாங்க்ட் அன்டோன் என்ற மலைக்கிராமத்தில் சறுக்குப் பள்ளி நடத்திவந்தவர். அர்னால்ட் ஃபாங்க் எடுத்த பனிமலைப் படங்களில் தோன்றி உலகப் புகழ் பெற்றவர். அந்தப் படங்களைப் பார்த்துத் திரையரங்கிலேயே சறுக்கப் பழகிக்கொண்ட ஜப்பானிய இளைஞர்கள் ஆளை நேரில் கண்டதும் மொய்த்துக்கொண்டார்கள். அவர் போன இடங்களில் நொசாவாவும் ஒன்று. அவர் இறங்கிய சரிவுக்கு இன்றும் ஷ்னைடர் கோர்ஸ் என்றே பெயர்.

ஷ்னைடர் கொண்டுவந்த முறையில் முழங்காலை மடித்து, உடம்பைத் தாழ்த்தி, பலகையின் வாலை அகட்டித் தொடங்கும் திருப்பத்தைச் சேர்த்து இழுத்து முடிக்க வேண்டும். புதியவனும் சில நாளில் கற்றுக்கொள்ளும்படி படிப்படியாக வகுத்திருந்தார் அவர். சறுக்கு வீரர்களின் சாகசமாக இருந்த காலம் அதோடு முடிந்தது. வாரக் கடைசியில் ரயிலேறி வரும் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியையும் கற்றுக்கொள்ளக்கூடிய பாடமாகிவிட்டது. விடுமுறைத் தொழில் என்ற ஒன்று பிறப்பதற்கு இது முதல் நிபந்தனை.

ஷ்னைடரின் பிற்காலம் சோகமானது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அவர் கைதானார். மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போய் நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறினார். ஆனால் நொசாவா அவர் ஊரை விடவில்லை. 1971இல் சாங்க்ட் அன்டோனும் நொசாவா ஒன்செனும் சகோதரக் கிராமங்களாக ஒப்பந்தம் செய்துகொண்டன. 1976இல் ஜப்பான் ஸ்கீ அருங்காட்சியகம் நொசாவாவின் சரிவோரம் திறக்கப்பட்டது. லெர்ச் காலத்துப் பலகைகளை அங்கே பார்க்கலாம்.

நாற்காலி ஏறிய மலை

போர் முடிந்ததும் ஜப்பானுக்கு லிப்டைக் கொண்டுவந்தவர்கள் ஆக்கிரமிப்பில் இருந்த அமெரிக்கர்கள். தங்கள் படையினர் ஓய்வெடுக்க ஷிகா மேட்டுநிலத்திலும் சப்போரோவிலும் லிப்டுகள் போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அங்கே வேடிக்கை பார்த்ததோடு சரி. அதுவரை நொசாவாவில் ஒரு முறை சறுக்க வேண்டுமானால் முதலில் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். ஏற ஒரு மணி, இறங்க ஐந்து நிமிடம் என்ற கணக்கு.

1950இல் ஸ்கீ கிளப் ஊரின் முதல் லிப்டை நிறுவியது. வெளியாள் யாருக்கும் உரிமம் விற்காமல் தானே நடத்தியது. வந்த வருமானத்தில் அடுத்த லிப்ட், அதற்கடுத்த லிப்ட் என்று மலைமேல் ஏறிக்கொண்டே போனார்கள். இதற்கிடையே தோயோசாதோ என்றிருந்த ஊராட்சி 1953இல் நொசாவா ஒன்சென் என்று பெயர் மாற்றிக்கொண்டது; 1956இல் பக்கத்து இச்சிகாவா கிராமத்தோடு இணைந்தது. 1963இல் கிளப் தான் வளர்த்த லிப்டுகளையும் நிர்வாகத்தையும் ஊராட்சியிடம் ஒப்படைத்தது. கிளப் நல்ல லாபத்துக்கு ஒரு கம்பெனியிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. மலை ஊர்ப்பொது, மலைமேல் ஓடும் நாற்காலியும் ஊர்ப்பொது என்று தீர்மானித்துவிட்டார்கள். ஊராட்சியே சறுக்குத் தலம் நடத்தும் விசித்திரம் அப்படித்தான் தொடங்கியது. அந்த வருமானம் ஊர்க் கணக்கில் சேர்ந்தது. வீட்டில் நாலு அறை ஒழிந்திருந்த விவசாயிகளெல்லாம் மின்ஷுகு என்ற வீட்டுவிடுதி தொடங்கினார்கள். பனிக்கு வெளியூர்க் கூலிக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தக் காலத்து விடுமுறை இப்படிப் போகும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் தோக்கியோவின் உயேனோ நிலையத்தில் பலகையும் மூட்டையுமாய் நெருக்கியடித்து இரவு ரயில் ஏறுவார்கள். இருக்கை கிடைக்காதவர்கள் நடைபாதையில் செய்தித்தாள் விரித்துப் படுப்பார்கள். விடிந்ததும் சிறு ரயிலும் பஸ்ஸும் மாறி ஊர் வந்து, மின்ஷுகு பாட்டி கொடுக்கும் சூடான மிசோ சூப்பைக் குடித்துவிட்டு நேரே சரிவுக்கு. இருட்டியதும் பருத்தி யுகாதா உடுத்தி, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, மரக்கட்டைச் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க ஒரு குளியல் வீட்டிலிருந்து அடுத்ததற்கு நடை.

பொதுக் குளியல் வீட்டில் பட்டணத்துக்காரனுக்கு முதலில் கிடைப்பது அதிர்ச்சிதான். அகலமான முன்கூடம் கிடையாது; பல வீடுகளில் கதவைத் திறந்தால் அங்கேயே துணி மாட்டும் மாடம், இரண்டு அடி தள்ளித் தொட்டி. ஆவி போகக் கூரை உயரமாக, நடுவில் திறப்போடு இருக்கும். ஓயுவில் இரண்டு தொட்டிகள்: ஒன்று சுடும், மற்றது அதிகமாகச் சுடும். விருந்தாளி கையை வைத்துப் பார்த்துவிட்டுக் குளிர்நீர்க் குழாயைத் தேடுவான். உள்ளே கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும் கிழவர், “கொஞ்சமாத் திறங்க தம்பி, ஆறிப்போயிடும்” என்பார். குளித்துக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுப்பார். காசு வாங்காத இடத்தில் விதி மட்டும் கறாராக இருக்கும்.

சாப்பாட்டில் தவறாமல் ஓர் ஊறுகாய் வரும். நீண்ட தண்டும் இலையுமாய் உப்பில் ஊறிய கீரை. கென்மெய்ஜி கோயில் குரு ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கே போய்த் தென்னோஜி டர்னிப் விதை கொண்டுவந்தார், இந்தக் குளிர்மண்ணில் கிழங்கு சிறுத்து இலை பெருத்தது என்பது ஊர்க்கதை. தாவர ஆய்வாளர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு. ஊருக்கு இல்லை. நவம்பரில் அறுவடையானதும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து குளியல் வீட்டு வெந்நீரிலேயே அலசுவார்கள். விறைக்கும் குளிரில் கை மரத்துப்போகாமல் அலச அதைவிட நல்ல இடம் ஏது? அதுவரை வெறும் டர்னிப் கீரையாக இருந்ததற்கு ‘நொசாவா-னா’ என்று பெயர் வைத்ததே சறுக்க வந்த விருந்தாளிகள்தான் என்கிறார்கள். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோன பொட்டலங்களின் வழியாக அது நாடெங்கும் பரவி, இன்று ஜப்பானின் பேர்பெற்ற ஊறுகாய்களில் ஒன்று.

வெள்ளம் வந்ததும் வடிந்ததும்

1980களின் கடைசியில் ஜப்பானுக்குச் சறுக்குப் பைத்தியம் பிடித்தது. 1987இல் வெளியான ஒரு காதல் படம் அதற்கு எண்ணெய் வார்த்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட உல்லாசத் தல மேம்பாட்டுச் சட்டம் கம்பெனிகளுக்கு மலையைத் திறந்துவிட்டது. வங்கிகள் கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்தன. 1990களின் உச்சத்தில் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் பேர் பனிச்சரிவில் இறங்கினார்கள் என்பது கணக்கு.

இதே பனிநாட்டில், மலைத்தொடருக்கு அப்பால் உள்ள எச்சிகோ-யுசாவாவை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். அதுவும் பழைய வெந்நீர் ஊர்தான். 1982இல் புல்லட் ரயில் வந்தது. 1990இல் ரயில் கம்பெனியே நிலையத்தோடு ஒட்டிய சறுக்குத் தலத்தைத் திறந்தது. தோக்கியோவிலிருந்து ஒன்றரை மணிக்குள் சரிவில் நிற்கலாம் என்றதும் வயல்களில் பத்துப் பதினைந்து மாடி அடுக்ககங்கள் முளைத்தன. அந்தக் கடன் குமிழி உடைந்த பிறகு ஆயிரக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோடி யென் கொடுத்து வாங்கியவர்களின் பிள்ளைகள் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பயந்து ஒரு லட்சம் யென்னுக்கு விற்க முன்வந்தார்கள்.

நொசாவா தப்பியது என்று சொன்னால் பாதி உண்மை. அங்கும் கூட்டம் பாதிக்குக் கீழே சரிந்தது. ஊராட்சியால் தொழிலைத் தாங்க முடியாமல் 2005இல் நிர்வாகத்தைத் தனி உள்ளூர் நிறுவனமாகப் பிரிக்க வேண்டிவந்தது. ஆனால் ஊருக்கு நடுவில் வானளாவிய கட்டடம் எழவில்லை. சரிவை எடுத்துக்கொண்டு திவாலாகி ஓட அங்கே வெளியூர் முதலாளி இல்லை. 565 மீட்டர் உயரத்து அடிவாரத்திலிருந்து 1,650 மீட்டர் உச்சி வரை இருந்த சறுக்குப் பாதைகள் ஊர் கையிலேயே நின்றன.

சரிவின் நடுவே ஒரு பெருமையும் வந்தது. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கிக்கொண்டே துப்பாக்கி சுடும் பயத்லான் போட்டி ஹகுபாவில் நடப்பதாக இருந்தது. அங்கே ஒரு வகை வேட்டைப் பருந்தின் கூடுகள் இருப்பது தெரிந்ததும் இடத்தை நொசாவாவுக்கு மாற்றினார்கள். ஆண்கள் 10 கிலோமீட்டர் பந்தயம் கொட்டும் பனியாலும் மூடுபனியாலும் பாதியில் நின்று, மறுநாள் முதலிலிருந்து நடந்தது. அதில் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற நார்வே இளைஞர் ஓலே எய்னார் பியோர்ண்டாலன் பின்னர் பயத்லான் வரலாற்றின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரானார். ஊர்ப் பிள்ளைகளும் சளைத்தவர்களல்ல. 1992, 1994 ஒலிம்பிக்குகளில் நார்டிக் கூட்டுப் போட்டியின் அணித் தங்கத்தை ஜப்பான் வென்றபோது அணியில் இருந்த கோனோ தகானோரி நொசாவாக்காரர். 1994இல் தனிநபர் வெள்ளியும் அவருக்கே.

நெருப்பும் கட்டுப்பாடும்

ஊர்க்கட்டின் முழு பலத்தையும் ஒரே இரவில் பார்க்க வேண்டுமானால் ஜனவரி 15ஆம் தேதி போக வேண்டும். தோசோஜின் தீத்திருவிழா. மலையிலிருந்து பீச் மரங்களை வெட்டி, ஊர்த் தெரு வழியாக இழுத்துவந்து, பத்து மீட்டருக்கு மேல் உயரமாக ஒரு கோபுரம் எழுப்புவார்கள். கண்டம் உள்ள வயது என்று ஜப்பானியர் நம்பும் 42ஐ எட்டிய ஆண்கள் அதன் மேல் ஏறி உட்கார்வார்கள். 25 வயதினர் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பார்கள். ஊரார் தீப்பந்தத்தோடு பாய்ந்து கோபுரத்தைக் கொளுத்தப் பார்ப்பார்கள். காவல் நிற்பவர்கள் தலையில் பொறி கொட்டப் பைன் கிளையால் அடித்து அணைப்பார்கள். மணிக்கணக்கில் போராட்டம். கடைசியில் மேலே இருப்பவர்கள் இறங்கியதும் கோபுரம் நெருப்புக்குக் கொடுக்கப்படும். முந்தைய ஆண்டில் தலைமகன் பிறந்த வீட்டார் செய்துவைத்த அலங்கார விளக்குத் தூணும் அதில் எரியும். 1993இல் ஜப்பானிய அரசு இதை முக்கிய நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

வெளியூர்க்காரனுக்கு இது வேடிக்கை. ஊருக்கு இது பயிற்சி. நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டு வயதுவரை உள்ள மூன்று வயதினர் ஒரு குழுவாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விழாவை நடத்த வேண்டும். மரம் வெட்டுவது, இழுப்பது, கட்டுவது, சண்டை எல்லை மீறாமல் நிறுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பட்டணத்துக்குப் போனவனும் இதற்காக ஊர் வருவான். குளியல் வீட்டைக் கழுவும் முறையும் லிப்டைப் பற்றிய தீர்மானமும் இதே உறவுகளின் மேல்தான் நிற்கின்றன.

இதில் எல்லாம் இனிமை என்று எழுதினால் வரலாறு ஆகாது. பொதுச்சொத்து என்பது இங்கே உறுப்பினர் குடும்பங்களின் சொத்து. புதிதாகக் குடிவந்தவருக்கு அந்த வட்டத்துக்குள் நுழைய நாளாகும். தீத்திருவிழாவின் முக்கியப் பொறுப்புகள் ஆண்களுடையவை. கீரை அலசியதும் மின்ஷுகு விருந்தாளிகளுக்கு விடியுமுன் எழுந்து சமைத்ததும் பெண்கள். ஊரின் வரலாற்றுப் பட்டியல்களில் அவர்கள் பெயர் அபூர்வம்.

இந்த நூற்றாண்டில் புதிய விருந்தாளிகள் வந்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு ஜனவரி கோடை விடுமுறை. ஜப்பானுக்கும் அவர்கள் ஊருக்கும் நேர வித்தியாசமும் ஓரிரு மணிதான். ஹொக்கைடோவின் நிசெகோவில் தொடங்கிய அந்த அலை நொசாவாவுக்கும் பாய்ந்தது. 2015 மார்ச்சில் ஹொக்குரிக்கு புல்லட் ரயில் ஈயாமாவில் நிற்கத் தொடங்கியதும் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் ஊர். பிள்ளைகள் தொடர விரும்பாத மின்ஷுகுகளை வெளிநாட்டவர்கள் வாங்கிப் புதுப்பித்து நடத்துகிறார்கள். குளியல் வீட்டு வாசலில் ஆங்கிலத்தில் விதிப்பலகை தொங்குகிறது.

ஊர் நிறைந்திருக்கிறது, ஆனால் தொட்டி கழுவும் முறைக்கு ஆள் குறைகிறது. வயதானவர்கள் அதிகம், இளைஞர்கள் குறைவு. விடுதி வாங்கிய வெளியாள் முறையில் சேர வேண்டுமா, சேர்ந்தால் காட்டிலும் ஊற்றிலும் அவருக்குப் பங்கு உண்டா என்பதை ஊர் முடிவுசெய்தாக வேண்டும். 1963இல் லிப்ட் யாருடையது என்று தீர்மானித்ததைப் போன்ற இன்னொரு தீர்மானம் இது. அன்று கிளப்பின் கையில் இருந்தது தாங்களே போட்ட லிப்ட். இன்று பேச்சில் இருப்பது ஊர்க்காரர் யார் என்ற கேள்வி. அதற்குக் காலம் எடுத்துக்கொண்டே ஊர் பதில் தேடும் என்று நினைக்கிறேன். நொசாவா எதையும் அவசரத்தில் விற்றதில்லை.

அடுத்த வாரம் வடக்கே போகிறோம். 1972 பிப்ரவரி 6ஆம் தேதி, சப்போரோவின் மியானோமோரி தாவுமேடை. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் ஒரே பிற்பகலில் அள்ளிய மூன்று ஜப்பானியர்களும், அந்த ஒலிம்பிக்குக்காக நகரத்தின் அடியில் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலும்.

(தொடரும்)